மேமோகிராம் அறிக்கையில் "அடர்த்தி சி" என்று இருந்தால் என்ன பொருள்?

பெரம்பூர் வாசகி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 46. மாதவிடாய் இன்னும் ஒழுங்காக வருகிறது. அலுவலகத்தில் ஏற்பாடு செய்யும் மாஸ்டர் ஹெல்த் செக்கப்பில் இம்முறை மேமோகிராமும் (மார்பக எக்ஸ்-கதிர்ப் படம்) சேர்க்கப்பட்டிருந்தது. அறிக்கையின் முடிவில் "பை-ராட்ஸ் 2" என்றும், அதற்கு மேலே தனி வரியில் "மார்பக அடர்த்தி: சி" என்றும் எழுதியிருக்கிறார்கள். அஞ்சும்படியான கட்டி எதுவும் இல்லை, அடுத்த ஆண்டு வந்தால் போதும் என்று அங்கிருந்த மருத்துவர் சொன்னார். அடர்த்தியைப் பற்றிக் கேட்டபோது, பலருக்கும் இருப்பதுதான் என்பதோடு முடித்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து தேடிப் படித்தால், அடர்ந்த மார்பகம் உள்ளவர்களுக்குப் புற்றுநோய் வரும் வாய்ப்பு நான்கு மடங்குக்கும் மேல் என்று பல இடங்களில் காணப்படுகிறது. என் பெரியம்மாவுக்கு 58 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்து, சிகிச்சை பெற்று இன்று நலமாக இருக்கிறார். அதனால் அந்த எண்ணைப் படித்ததிலிருந்து மனம் ஒரு நிலையில் இல்லை.

அடர்த்தி என்பது நோயா, நோய்க்கு முந்தைய நிலையா, அல்லது உடலமைப்பா? எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டுமா? ஆளிவிதையும் மஞ்சளும் தொடர்ந்து சாப்பிட்டால் அடர்த்தி குறையும் என்று பக்கத்து வீட்டு அக்கா உறுதியாகச் சொல்கிறார். அதில் உண்மை உண்டா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.


கீழ்ப்பாக்கம் கதிரியக்க மருத்துவர் எழுதியது:

சகோதரி, உங்கள் அறிக்கையில் இருக்கும் எண்ணும் எழுத்தும் இரண்டு வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள். மேமோகிராம் முடிவுகளை எண்ணால் வகைப்படுத்தும் பை-ராட்ஸ் முறையில் "2" என்பது, படத்தில் தெரிந்தது புற்றுநோய் அல்லாத, தீங்கற்ற ஒன்று என்ற முடிவு. "சி" என்பது உங்கள் மார்பகத்தில் சுரப்பித் திசுவும் நார்த் திசுவும் கொழுப்போடு ஒப்பிடும்போது எந்த அளவில் இருக்கின்றன என்பதைக் குறிக்கும் வகைப்பாடு. ஏ என்றால் ஏறக்குறைய முழுவதும் கொழுப்பு. பி என்றால் அங்கங்கே சிதறிய அடர்த்தி. சி என்றால் பரவலான அடர்த்தி. டி என்றால் மிகுந்த அடர்த்தி. அமெரிக்கக் கதிரியக்கக் கல்லூரி வகுத்த இந்த நான்கு பிரிவுகளில், மேமோகிராம் எடுக்கும் பெண்களில் பத்தில் ஒருவர் ஏ, பத்தில் நால்வர் பி, நால்வர் சி, ஒருவர் டி என்ற கணக்கில் அடங்குவர். ஆக, பலருக்கும் இருப்பதுதான் என்று அந்த மருத்துவர் சொன்னது உண்மையே. ஆனால் அதோடு அவர் நிறுத்தியிருக்கக் கூடாது என்பது என் கருத்து. ஒரு பெண்ணின் கையில் கொடுக்கும் அறிக்கையில் உள்ள ஒவ்வொரு வரியையும் விளக்குவது எங்கள் கடமை.

அடர்த்தி நோயன்று. கையால் தொட்டு அறியக்கூடியதும் அன்று. மார்பகம் கெட்டியாக இருப்பதற்கும், சிறிதாகவோ பெரிதாகவோ இருப்பதற்கும், படத்தில் தெரியும் அடர்த்திக்கும் நேரடித் தொடர்பு இல்லை. எக்ஸ்-கதிர் கொழுப்பின் ஊடே எளிதில் கடந்துவிடுவதால் கொழுப்புப் பகுதி படத்தில் கறுத்துத் தெரியும். சுரப்பியும் நாரும் கதிரைத் தடுப்பதால் வெளுத்துத் தெரியும். கட்டியும் வெளுத்தே தெரியும் என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. வெள்ளை வேட்டியின் மீது ஒட்டிய பஞ்சுத் துணுக்கைத் தேடுவது போல, அடர்ந்த திசுவின் நடுவே இருக்கும் சிறு கட்டியை நாங்கள் தேட வேண்டியிருக்கிறது. மிகுந்த அடர்த்தியுள்ள டி பிரிவில், இருக்கும் புற்றுக்கட்டிகளில் பத்தில் மூன்று நான்கு மேமோகிராமின் கண்ணுக்குத் தப்பிவிடக்கூடும். சி பிரிவில் இந்தக் குறை இதைவிடச் சிறிது, ஆனால் இல்லாமல் இல்லை.

இது மறைக்கும் பிரச்சினை. நீங்கள் படித்த நான்கு மடங்கு என்பது வேறொன்று. கட்டி உருவாகும் வாய்ப்பே கூடுவதைப் பற்றியது. அந்த எண் பொய்யன்று. 2006இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மார்பகப் பரப்பில் 75 விழுக்காட்டுக்கு மேல் அடர்த்தி உள்ளவர்களுக்கு, 5 விழுக்காட்டுக்கும் குறைவாக உள்ளவர்களைவிட ஏறக்குறைய 4.6 மடங்கு வாய்ப்பு என்று தெரிந்தது. ஆனால் யாரை யாரோடு ஒப்பிட்டார்கள் என்று பாருங்கள்: ஒரு கோடியில் இருப்பவரை மறுகோடியில் இருப்பவரோடு. சராசரிப் பெண்ணோடு ஒப்பிட்டால், டி பிரிவினருக்கு வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு. சி பிரிவினருக்கு ஒன்றேகால் மடங்கு அளவில்தான். நீங்கள் அஞ்சிய எண் உங்களுக்கு உரியது அன்று.

இனி, என்ன செய்யலாம் என்பது. நம் நிலைக்கு நெருக்கமான சான்று ஜப்பானிலிருந்து வந்திருக்கிறது. அங்கே 40 முதல் 49 வயது வரையுள்ள 70,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2016இல் வெளியானது. மேமோகிராமோடு அல்ட்ராசவுண்டும் சேர்த்தபோது கண்டறியும் திறன் 77 விழுக்காட்டிலிருந்து 91 விழுக்காடாக உயர்ந்தது. அதற்கு ஒரு விலையும் உண்டு: நோயில்லாத நூறு பேரில் மேமோகிராம் மட்டும் எடுத்தால் ஒன்பது பேர் அளவில் மேல்பரிசோதனைக்கு அழைக்கப்படுவர், அல்ட்ராசவுண்டும் சேர்ந்தால் பன்னிரண்டு பேர். சென்னையில் பல ஸ்கேன் மையங்களில் இரண்டையும் ஒன்றாக "சோனோமேமோகிராம்" என்று எடுக்கிறார்கள். உங்கள் வயதுக்கும் சி பிரிவுக்கும் அது பொருத்தமானதென்றே நினைக்கிறேன். முப்பரிமாண மேமோகிராம் இருக்கும் இடத்தில் எடுத்தால், ஒன்றன்மேல் ஒன்று படியும் திசு அடுக்குகளைப் பிரித்துப் பார்க்க முடியும்.

எம்.ஆர்.ஐ.யைப் பொறுத்தவரை, நெதர்லாந்தில் மிகுந்த அடர்த்தி உள்ள 40,000 பெண்களிடம் நடந்த ஆய்வு 2019இல் வெளிவந்தது. இரு மேமோகிராம்களுக்கு இடைப்பட்ட காலத்தில் வெளிப்படும் புற்றுநோய், எம்.ஆர்.ஐ.க்கு அழைக்கப்பட்ட குழுவில் ஆயிரத்துக்கு 2.5 ஆகவும், அழைக்கப்படாத குழுவில் 5 ஆகவும் இருந்தது. பெரிய வேறுபாடுதான். ஆயினும் அது டி பிரிவினருக்கான சான்று. அதை சி பிரிவில் உள்ள உங்களுக்கு அப்படியே பொருத்தி, பல ஆயிரம் ரூபாய் செலவழியுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஒரு கேள்வி. பெரியம்மாவைப் பற்றிச் சொன்னீர்கள். அப்பா வழியில் யாருக்காவது மார்பகத்திலோ சினைப்பையிலோ புற்றுநோய் வந்ததுண்டா? நம் வீடுகளில் இது தாய்வழியில் மட்டுமே வரும் என்று நினைத்து அத்தைமாரைப் பற்றி யாரும் சொல்வதில்லை. அவசியம் விசாரியுங்கள்.


தாம்பரம் உயிரியல் ஆசிரியர் எழுதியது:

மருத்துவர் படத்தைப் பற்றி விளக்கிவிட்டார். படத்தில் வெளுப்பாகத் தெரிவது ஏன் நோயின் வாய்ப்பைக் கூட்ட வேண்டும் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். கல்லூரியில் நெடுங்காலம் உயிரணுவியல் நடத்தியவன் என்ற முறையில் என்னை மிகவும் ஈர்த்த கேள்வி இது.

மார்பகப் புற்றுநோயில் பெரும்பாலானவை பால் சுரக்கும் நுண்மடல்களும் அவற்றோடு இணையும் நாளங்களின் நுனியும் சேர்ந்த பகுதியில், அவற்றின் உட்சுவர் உயிரணுக்களில் தோன்றுகின்றன. ஆனால் மேமோகிராமில் வெளுத்துத் தெரியும் பரப்பில் அந்த உயிரணுக்களின் பங்கு சிறிது. பெரும்பங்கு அவற்றைச் சூழ்ந்து நிற்கும் இணைப்புத் திசுவும் அதில் உள்ள கொலாஜன் என்னும் புரத நார்களுமே. அப்படியானால் புற்றுநோய் தோன்றாத இடத்தின் அளவு, தோன்றும் இடத்தின் விதியை எப்படித் தீர்மானிக்கிறது?

ஒரு விடை எளியது. நார் அதிகமாக இருக்கும் மார்பகத்தில் சுரப்பி உயிரணுக்களும் பொதுவாகச் சற்று அதிகம். பிரிந்து பெருகும் உயிரணுக்கள் கூடினால் மரபணுவில் பிழை நேரும் வாய்ப்பும் கூடும். மற்றொரு விடைதான் கடந்த இருபது ஆண்டுகளில் வலுப்பெற்றது. சூழ்ந்திருக்கும் திசு வெறும் நிரப்பு அன்று. அதிலுள்ள நார் உயிரணுக்கள் வளர்ச்சிக் காரணிகளைச் சுரக்கின்றன. கொலாஜன் மிகுந்து, குறுக்குப் பிணைப்புகளால் இறுகும்போது திசு விறைக்கிறது. அந்த விறைப்பை உட்சுவர் உயிரணுக்கள் தம் மேற்பரப்பிலுள்ள இன்டெக்ரின் என்ற புரதங்களால் உணர்ந்து, பெருகு என்ற செய்தியாக உள்ளே கடத்துகின்றன. அமெரிக்காவின் விஸ்கான்சினில், கொலாஜன் சிதையாமல் தேங்கும்படி மரபணு மாற்றப்பட்ட எலிகளில் மார்பகக் கட்டிகள் ஏறத்தாழ மூன்று மடங்கு கூடியதாக 2008இல் அறிவித்தார்கள். எலி வேறு, மனிதர் வேறு என்பதை மறக்கக் கூடாது. எனினும், அடர்த்தி வெறும் உடன்நிகழ்வு அன்று, காரணத்தின் ஒரு பகுதியாகவும் இருக்கலாம் என்று எண்ண இந்த ஆய்வு இடம் தருகிறது.

படத்தின் தோற்றத்துக்கும் நோயின் வாய்ப்புக்கும் தொடர்புண்டு என்று 1976இல் முதலில் விரிவாக எடுத்துச் சொன்னவர் ஜான் உல்ஃப் என்ற அமெரிக்கக் கதிரியக்க மருத்துவர். தொடக்கத்தில் அவரைப் பலர் நம்பவில்லை. மறைந்திருந்த கட்டிகள் பின்னர் வெளிப்படுவதைத்தான் அவர் நோய் வாய்ப்பு என்று கொள்கிறார் என்று மறுத்தார்கள். டொராண்டோவில் நார்மன் பாய்டும் அவர் குழுவினரும் பல ஆண்டுகள் தொடர்ந்து அளந்து, மறைப்பு நீங்கிய பின்னும் வாய்ப்பு உயர்ந்தே இருப்பதைக் காட்டினார்கள். இரட்டையரை ஆராய்ந்து, பெண்களுக்கிடையே அடர்த்தி வேறுபடுவதில் ஏறக்குறைய 60 விழுக்காட்டுக்கு மரபே காரணம் என்று 2002இல் சொன்னவர்களும் அவர்களே.

ஆகவே ஆளிவிதையைப் பற்றி: எந்த உணவும் அடர்த்தியைக் குறைத்து அதன்வழி நோயைத் தடுத்ததாக நிறுவப்படவில்லை. மாறாக, மருந்து ஒன்று உண்டு. டமாக்சிஃபென் கொடுக்கப்பட்ட உயர் வாய்ப்புள்ள பெண்களில், அடர்த்தி 10 விழுக்காட்டுப் புள்ளிகளேனும் குறைந்தவர்களுக்கு நோய் வாய்ப்பு 63 விழுக்காடு குறைந்தது. அந்த அளவு அடர்த்தி குறையாதவர்களுக்கு மருந்தால் பெரும்பயன் இல்லை. இது 2011இல் பிரிட்டனிலிருந்து வந்த முடிவு. அந்த மருந்துக்குப் பக்கவிளைவுகள் உள்ளதால் அடர்த்தியை மட்டும் கருதி அதை யாரும் தருவதில்லை. மறுபுறம், மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த ஹார்மோன் மாத்திரை எடுத்தால் அடர்த்தியும் நோய் வாய்ப்பும் இரண்டுமே கூடுகின்றன.


மயிலாப்பூர் மகள் கேட்டது:

ஐயா, குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். என் அம்மாவுக்கு 71 வயது. அவர் அறிக்கையில் "அடர்த்தி ஏ" என்று இருப்பதால் இனி மேமோகிராம் வேண்டாம் என்கிறார். வயதாக ஆக அடர்த்தி குறைகிறது என்கிறார்கள், ஆனால் புற்றுநோய் வயதோடு கூடுகிறதே. இது முரணாக இல்லையா? மேலும் அம்மா கடந்த பத்தாண்டுகளில் மிகவும் எடை கூடியிருக்கிறார்.


தாம்பரம் உயிரியல் ஆசிரியர் எழுதியது:

நல்ல கேள்வி, அம்மா. 1983இல் மால்கம் பைக் என்ற அறிஞர் இதற்கு ஒரு வழி காட்டினார். மார்பகத் திசுவுக்கென்று தனி வயது உண்டு, அது நாள்காட்டியின் வேகத்தில் ஓடுவதில்லை என்றார். பூப்பெய்தியது முதல் முதற்குழந்தை பிறக்கும் வரை அது விரைவாக மூப்படைகிறது. பிள்ளைப்பேற்றுக்குப் பின் மெதுவாகிறது. மாதவிடாய் நின்ற பின் இன்னும் மெதுவாகிறது. அடர்த்தியைப் பார்த்தால் அதுவும் அதே காலக்கட்டங்களில்தான் இறங்குகிறது. இன்றைய அடர்த்தி என்பது, திசு ஹார்மோன்களுக்கும் வளர்ச்சிக் காரணிகளுக்கும் இப்போது எவ்வளவு ஆட்பட்டிருக்கிறது என்பதன் அளவு. நோய் வாய்ப்போ, இளமை முதல் இன்றுவரை ஆட்பட்ட மொத்தத்தின் விளைவு. வரவு ஆண்டுக்காண்டு குறைந்தாலும் சேர்ந்த தொகை குறைவதில்லை அல்லவா? அதனால் இரண்டும் ஒன்றையொன்று மறுக்கவில்லை.

எடை கூடியதைப் பற்றி நீங்கள் குறிப்பிட்டது முக்கியமானது. மார்பகத்தில் கொழுப்பு கூடினால் அடர்த்தியின் விழுக்காடு தானே இறங்கும். ஏ என்ற எழுத்துக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் மாதவிடாய் நின்ற பிறகு உடலில் ஈஸ்ட்ரோஜன் உருவாகும் முதன்மையான இடம் கொழுப்புத் திசுவே. அங்குள்ள அரோமட்டேஸ் என்ற நொதி அதைத் தயாரிக்கிறது. எனவே அந்த வயதில் உடற்பருமன் அடர்த்தியைக் குறைத்துக் காட்டிக்கொண்டே நோய் வாய்ப்பைக் கூட்டுகிறது. ஏ என்பது படம் தெளிவாகத் தெரியும் என்பதற்கான உறுதி. நோய் வராது என்பதற்கான உறுதி அன்று. அம்மாவுக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள். மேமோகிராமை எந்த வயதுவரை தொடர்வது என்பதை, அவருடைய பொதுவான உடல்நிலையை அறிந்த மருத்துவரோடு பேசி முடிவு செய்யுங்கள்.


வடசென்னை செவிலியர் எழுதியது:

இந்த உரையாடல் பயனுள்ளது. ஆனால் இதைப் படிக்கும் பெண்களில் பலருக்கு மேமோகிராமே எட்டாத ஒன்று என்பதால் ஒரு சொல் சேர்க்கிறேன். 1980களின் தொடக்கத்தில் சென்னைப் பெண்களிடையே கருப்பை வாய்ப் புற்றுநோய்தான் முதலிடத்தில் இருந்தது. இன்று அந்த இடத்தில் மார்பகப் புற்றுநோய் இருக்கிறது. நான் பணியாற்றும் பகுதியில் அடர்த்தி என்ன என்று தெரியாததால் யாரும் தாமதிப்பதில்லை. கட்டி கையில் தட்டுப்பட்டும், வலி இல்லையே என்று மாதக்கணக்கில் சொல்லாமல் இருந்துவிடுகிறார்கள். வலியில்லாத கட்டிதான் கூடுதல் கவனத்துக்கு உரியது என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பயிற்சி பெற்ற பெண் பணியாளர் கையால் செய்யும் பரிசோதனையை எளிதாக எண்ண வேண்டாம். மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை 1,50,000க்கும் மேற்பட்ட பெண்களை இருபது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2021இல் வெளியிட்ட முடிவில், இரண்டாண்டுக்கு ஒருமுறை அவ்வாறு பரிசோதிக்கப்பட்டவர்களிடம் நோய் முந்திய நிலையிலேயே தெரியவந்தது. 50 வயதுக்கு மேற்பட்டோரிடம் இறப்பு ஏறக்குறைய 30 விழுக்காடு குறைந்தது. இளையவர்களிடம் அந்தப் பயன் தெரியவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையங்களில் 30 வயது முதல் இந்தப் பரிசோதனையைச் செய்கிறார்கள். மேமோகிராம் நன்றாக வந்தது என்பதற்காக, பின்னர் தட்டுப்படும் கட்டியை யாரும் புறக்கணிக்க வேண்டாம். அடர்ந்த மார்பகம் உள்ளவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.


பெரம்பூர் வாசகி எழுதியது:

அனைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. மருத்துவர் கேட்டபடி நேற்று அப்பாவிடம் விசாரித்தேன். எங்கள் அத்தை 44 வயதில் "வயிற்றுக் கட்டி"யால் இறந்தார் என்றுதான் இதுவரை நாங்கள் அறிந்திருந்தோம். அது சினைப்பைப் புற்றுநோய் என்று அப்பா இப்போதுதான் சொன்னார். திருமணப் பேச்சுகளில் தடை வரும் என்று பாட்டி அந்தக் காலத்தில் யாரிடமும் சொல்ல விடவில்லையாம். என் தங்கைக்கு 39 வயது, எனக்கு 17 வயதில் மகள் இருக்கிறாள். இதனால் ஏதேனும் மாறுகிறதா?


கீழ்ப்பாக்கம் கதிரியக்க மருத்துவர் எழுதியது:

மாறுகிறது, சகோதரி. அடர்த்தி சி என்பதைவிட இந்தச் செய்திக்கு எடை அதிகம். இளம் வயதில் வந்த சினைப்பைப் புற்றுநோய் நெருங்கிய உறவில் இருந்தால், பிஆர்சிஏ 1, பிஆர்சிஏ 2 ஆகிய மரபணுக்களில் பிறவி மாற்றம் உண்டா என்று பார்க்க மரபியல் ஆலோசனை பெறுவது முறை. இவை தந்தை வழியாகவும் சரிபாதி வாய்ப்போடு பிள்ளைகளுக்கு வரக்கூடியவை. மாற்றம் உள்ள பெண்களில் 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வருபவர்கள் ஏறக்குறைய 70 விழுக்காடு. சினைப்பைப் புற்றுநோய் பிஆர்சிஏ 1இல் 44 விழுக்காடு, பிஆர்சிஏ 2இல் 17 விழுக்காடு என்று 2017இல் வெளியான பெரிய ஆய்வு கணித்தது. அடர்த்தியின் ஒன்றேகால் மடங்கை இதோடு வைத்துப் பார்த்தால் எதற்கு முதலிடம் என்பது விளங்கும்.

உடனே அஞ்ச வேண்டாம். அத்தைக்கு அந்த மாற்றம் இருந்ததா என்பதே இன்னும் தெரியாது. சினைப்பைப் புற்றுநோயில் பெரும்பான்மை இந்த மாற்றத்தால் வருவதன்று. நோய் வந்தவரை முதலில் சோதிப்பதே சிறந்த வழி. அத்தை இல்லாத நிலையில் அவருடைய உடன்பிறந்தவர் என்ற முறையில் உங்கள் அப்பாவைச் சோதிப்பது பொருத்தமாக இருக்கும். அவருக்கு மாற்றம் கண்டறியப்பட்டால் நீங்களும் தங்கையும் சோதித்துக்கொள்ளலாம், அப்போது எம்.ஆர்.ஐ. உங்களுக்கும் உரியதாகிவிடும், அடர்த்தி எந்த எழுத்தாக இருந்தாலும். அப்பாவுக்கு மாற்றம் இல்லை என்றால், அத்தையிடம் அது இருந்து அப்பாவுக்கு வராமல் போயிருந்தாலும், அந்த வழியில் உங்களுக்கு வந்திருக்க வாய்ப்பில்லை. பெரியம்மாவின் நோயைப் பற்றியும் ஆலோசகரிடம் சொல்லுங்கள். அது தாய்வழி என்பதால் தனியாகக் கணக்கிடப்படும். மகளுக்கு இப்போது எந்தச் சோதனையும் தேவையில்லை. 18 வயது நிறைந்தபின் அவளே முடிவெடுக்கட்டும்.

அத்தையின் பழைய மருத்துவக் காகிதங்கள் எங்கேனும் இருந்தால், குறிப்பாகத் திசுப் பரிசோதனை அறிக்கை, அதைத் தேடி எடுத்துச் செல்லுங்கள். அடுத்த சோனோமேமோகிராமை மாதவிடாய் முடிந்த வாரத்தில் வைத்துக்கொண்டால் வலி குறைவாக இருக்கும். போகும்போது இந்த ஆண்டின் படங்களையும், அறிக்கை மட்டுமல்லாமல் குறுந்தகட்டோடு, கையில் கொண்டு போங்கள். பழைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும்போதுதான் அடர்ந்த திசுவில் புதிதாக ஏதாவது தோன்றியிருக்கிறதா என்பது எங்களுக்குத் தெளிவாகத் தெரியும்.